9 லட்சம் கோடிக் கடனில் பேருந்தின் பங்கு எவ்வளவு?

கேள்வி இதுதான்: தமிழக அரசின் கடன் 9 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம், புதுப் பேருந்துகள், மெட்ரோ எல்லாம் இந்தக் கடனில்தான் ஓடுகின்றனவா? போக்குவரத்துக்குப் பணம் உண்மையில் எங்கிருந்து வருகிறது?

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். 2025 மார்ச் 14 அன்று தாக்கலான 2025-26 வரவு செலவுத் திட்டத்தின்படி, 2026 மார்ச் 31 அன்று நிலுவையில் இருக்கும் கடன் 9,29,959 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் இது 26.07 சதவீதம். முந்தைய ஆண்டின் திட்டத்தில் இதே எண் 8,33,361 கோடி, 26.41 சதவீதம். தொகை ஏறியிருக்கிறது, விகிதம் சற்று இறங்கியிருக்கிறது. தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு தரப்பு தொகையையும் மறுதரப்பு விகிதத்தையும் பிடித்துக்கொண்டு கத்துவது இதனால்தான். இரண்டுமே சரியான எண்கள். ‘ஒரு குடும்பத்தின் தலையில் இத்தனை லட்சம் கடன்’ என்ற கணக்குதான் எதற்கும் உதவாதது. மாநிலத்தின் நிதிநிலை பற்றி 2021 ஆகஸ்டில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை அதைப் பிரபலமாக்கியது. எந்தக் குடும்பமும் அந்தக் கடனை அடைக்கப்போவதில்லை. அரசின் வரி வருவாய் வட்டியைத் தாங்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த இடத்தில் நிலைமை இறுக்கமானது. 2025-26இல் எதிர்பார்த்த மொத்த வருவாய் 3,31,569 கோடி. வட்டி மட்டும் ஏறத்தாழ 70,750 கோடி. 100 ரூபாய் உள்ளே வந்தால் 21 ரூபாய் வட்டியாக வெளியே போகிறது. நாள் கணக்கில் 190 கோடிக்கு மேல். சம்பளம், ஓய்வூதியம், மானியங்கள் எல்லாம் சேர்ந்த வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. வரவைவிடச் செலவு 41,635 கோடி அதிகம், அது வருவாய்ப் பற்றாக்குறை. சாலை, பாலம், கட்டடம் போன்ற மூலதனச் செலவையும், அரசு கொடுக்கும் கடன்களையும் சேர்த்தால் மொத்த நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி. புதிதாக வாங்கும் நிகரக் கடன் கிட்டத்தட்ட இதே அளவுதான். இதில் 41,635 கோடி, அதாவது கடனாக வாங்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 39 ரூபாய், எந்தச் சொத்தையும் உருவாக்காமல் அன்றாடச் செலவில் கரைகிறது. கவலைப்பட வேண்டியது இந்த 39 ரூபாயைப் பற்றி.

இனி போக்குவரத்து. 2025-26இல் போக்குவரத்துத் துறைக்கு ஒதுக்கியது 12,964 கோடி, நெடுஞ்சாலைத் துறைக்கு 20,722 கோடி. போக்குவரத்துத் துறைப் பணத்தில் பெரும்பங்கு மூன்றே இனங்களுக்கு: பெண்களின் கட்டணமில்லாப் பயணமான மகளிர் விடியல் பயணத்துக்கு ஈடாக 3,600 கோடி, மாணவர் பயணச் சலுகைக்கு 1,782 கோடி, டீசல் மானியம் 1,857 கோடி. கூட்டினால் 7,239 கோடி. அரசின் மொத்த வருவாய்ச் செலவில் இது 2 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. பெண்கள் பயணத்தை மட்டும் தனியாக எடுத்தால் 1 சதவீதம்கூட இல்லை. அரசு கட்டும் வட்டியில் 19 நாள் தொகை அது. மின்வாரியத்தின் இழப்பை ஆண்டுதோறும் ஈடுகட்டுவதோடு ஒப்பிட்டால் பேருந்துச் சலுகை சின்ன இனம். ‘ஓசி பஸ்ஸால் மாநிலம் திவாலாகிறது’ என்பது கணக்குப் பார்க்காதவர்களின் பேச்சு. 2021 மே மாதம் தொடங்கிய இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. அந்தப் பணம் கடைத்தெருவுக்குத்தான் போகிறது, அதில் ஒரு பகுதி ஜி.எஸ்.டி.யாகத் திரும்பியும் வருகிறது.

அப்படியானால் பிரச்சினையே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் எல்லோரும் விரல் நீட்டும் இடத்தில் இல்லை. 3,600 கோடி என்று பட்டியலில் அச்சாகும் தொகையைச் சட்டமன்றம் பார்க்கிறது, விவாதிக்கிறது, ஒப்புக்கொள்கிறது. பட்டியலில் அச்சாகாத தொகைகள்தான் போக்குவரத்தை உள்ளிருந்து அரிக்கின்றன. அவற்றைப் புரிந்துகொள்ள, பணம் போகும் வழிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பலர் நினைப்பதுபோல் வாகன வரி சாலைக்குப் போகும், பெட்ரோல் வரி பேருந்துக்குப் போகும் என்ற ஏற்பாடு எதுவும் மாநிலத்தில் கிடையாது. வாகன வரியாக ஆண்டுக்குச் சுமார் 13,400 கோடி எதிர்பார்க்கிறார்கள். அது மாநிலத் தொகுப்பு நிதியில் விழுந்து மற்ற வரவுகளோடு கலந்துவிடுகிறது. மது ஆயத்தீர்வைப் பணமும் பத்திரப்பதிவுப் பணமும் அதே நிதியில்தான். அதிலிருந்து எடுத்துத்தான் எல்லாத் துறைக்கும் கொடுக்கிறார்கள். எனவே ‘நாங்கள் கட்டும் சாலை வரி எங்கே போகிறது?’ என்ற கேள்விக்கு நேரான பதில், எல்லா இடத்துக்கும் என்பதுதான்.

தொகுப்பு நிதியிலிருந்து பேருந்துக்குப் பணம் போக மூன்று கதவுகள் உண்டு. முதலாவது, வருவாய்க் கணக்குத் தலைப்பு 3055. சலுகைகளுக்கான ஈட்டுத்தொகை இதன் வழியே போகிறது. இரண்டாவது 5055, மூலதனச் செலவு: புதுப் பேருந்து, பணிமனை, கழகங்களில் அரசு போடும் பங்கு மூலதனம். மூன்றாவது 7055, அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கும் கடன். சாலைகளுக்கு இதேபோல் 3054 பராமரிப்பு, 5054 புதுச் சாலை. எந்தக் கதவு வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்து ஒரே ரூபாய் வேறு வேறு தோற்றம் தரும். சம்பளம் போட முடியாமல் தவிக்கும் ஒரு கழகத்துக்கு 100 கோடி கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மானியமாகக் கொடுத்தால் வருவாய்ப் பற்றாக்குறை 100 கோடி ஏறும். வழிவகைக் கடனாக, அதாவது அன்றாடச் செலவைச் சமாளிக்கக் கைக்கடனாகக் கொடுத்தால் ஏறாது. ஏனென்றால் அது செலவில்லை, திரும்பி வரவேண்டிய கடன். நடைமுறையில் திரும்பி வராது. சில ஆண்டு கழித்துப் பங்கு மூலதனமாக மாற்றப்படும். பங்குக்கு ஈவுத்தொகை வந்ததாகவும் சரித்திரம் இல்லை. நிதிப் பற்றாக்குறையில் இந்தத் தொகை வரும், வருவாய்ப் பற்றாக்குறையில் வராது. எனவே அரசின் அன்றாடக் கணக்கு உண்மையில் இருப்பதைவிட அழகாகத் தெரியும்.

கழகங்களுக்கு ஏன் தொடர்ந்து பணம் போதவில்லை என்பதை ஒரு பேருந்தை வைத்தே பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் எட்டு கழகங்கள்: சென்னையில் மாநகர் போக்குவரத்துக் கழகம், நீண்ட தூரத்துக்கு விரைவுப் போக்குவரத்துக் கழகம், பிறகு விழுப்புரம், கும்பகோணம், சேலம், கோவை, மதுரை, திருநெல்வேலி. மொத்தம் சுமார் 20,000 பேருந்துகள், 1.1 லட்சம் ஊழியர்கள். ஒரு பேருந்துக்கு ஐந்தரை ஆள். கட்டணம் கடைசியாக உயர்ந்தது 2018 ஜனவரி 20. எதிர்ப்பு கிளம்பியதும் ஒன்பது நாளில் கொஞ்சம் குறைத்தார்கள். புறநகர்ச் சாதாரணப் பேருந்துக்கு கிலோமீட்டருக்கு 60 பைசா என்று அறிவித்தது 58 பைசா ஆனது. இன்றைக்கும் அதே விகிதத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

50 இருக்கையும் நிரம்பி, ஒவ்வொருவரும் காசு கொடுத்து டிக்கெட் எடுத்தாலும் ஒரு கிலோமீட்டருக்கு வரும் வசூல் 29 ரூபாய். டீசல் லிட்டர் 92 ரூபாய், ஒரு லிட்டருக்கு 5 கி.மீ. ஓடுகிறது என்றால் டீசலுக்கே 18 ரூபாய்க்கு மேல். நாளொன்றுக்கு 400 கி.மீ. ஓடும் பேருந்துக்கு ஐந்தரை ஊழியர், சராசரிச் சம்பளச் செலவு மாதம் 40,000 என்று குறைத்தே வைத்தாலும் கிலோமீட்டருக்கு இன்னொரு 18 ரூபாய். இரண்டும் சேர்ந்து 36ஐத் தாண்டிவிட்டது. டயர், உதிரிபாகம், காப்பீடு, சுங்கக் கட்டணம், கடன் வட்டி இன்னும் கணக்கிலேயே வரவில்லை. சீட்டெல்லாம் நிறைந்த வண்டியே நட்டத்தில்தான் ஓடுகிறது. மதியம் இரண்டு மணிக்குப் பாதி காலியாகக் கிராமத்துக்குப் போகும் வண்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2018 ஜனவரியில் சென்னையில் டீசல் 65 ரூபாய் அளவில் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். டீசல் ஏறத்தாழ 40 சதவீதம் ஏறியிருக்கிறது, டிக்கெட் ஏறவில்லை.

வெள்ளை அறிக்கை ஒரு கிலோமீட்டருக்கு 59.15 ரூபாய் நட்டம் என்றது. அந்த எண்ணை இன்றும் மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பெருந்தொற்றின் நடுவில் வந்த அறிக்கை அது. ஊரடங்கில் வண்டிகள் நின்றன, சம்பளம் நிற்கவில்லை. ஓடிய கிலோமீட்டர் குறையும்போது கிலோமீட்டருக்கான நட்டம் வீங்கித்தான் தெரியும். இயல்பான ஆண்டுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. மேலே போட்டதுபோல் நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நம்பகமானது.

டீசல் மானியத்தில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ்நாட்டில் டீசலுக்கு மாநில வரி 11 சதவீதத்தோடு லிட்டருக்கு 9.62 ரூபாய். பம்பில் 92 ரூபாய் என்றால் அதில் 17 முதல் 18 ரூபாய் மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. 20,000 பேருந்து, நாளுக்கு 400 கி.மீ., லிட்டருக்கு 5 கி.மீ. என்று பெருக்கினால் தினமும் 16 லட்சம் லிட்டர். அதன் மீதான மாநில வரி ஆண்டுக்கு ஆயிரம் கோடியைத் தொடும். அதாவது அரசு தன் பேருந்திடமே வரியாக ஆயிரம் கோடி வாங்கி, டீசல் மானியம் என்ற பெயரில் 1,857 கோடி திருப்பிக் கொடுக்கிறது. பாதிக்கு மேல் வெறும் வட்டம். ஆனால் வட்டத்தின் இரண்டு முனைக்கும் நடுவே கால இடைவெளி இருக்கிறது. வரி டீசல் போடும்போதே போய்விடுகிறது, மானியம் ஆணை வந்து, பட்டியல் கடந்து, தாமதமாக வருகிறது. இடையில் கழகம் கைமாற்றுக்கு வட்டி கட்டுகிறது. 2022 மார்ச்சில் மொத்தக் கொள்முதல் டீசல் விலை லிட்டருக்கு 25 ரூபாய் எகிறியபோது அரசுப் பேருந்துகள் சாதாரண பெட்ரோல் பங்க்குகளில் வரிசையில் நிற்கவேண்டி வந்ததும், கையில் பணம் இல்லாத இதே நோயின் இன்னொரு அறிகுறி.

அச்சாகாத கடன் என்று மேலே சொன்னது இங்கேதான் பிறக்கிறது. ஈட்டுத்தொகை உண்மைச் செலவைவிடக் குறைவாக, அதுவும் தாமதமாக வந்தால், கழகம் யாருக்காவது கொடுக்காமல் நிறுத்த வேண்டும். டீசல்காரருக்கு நிறுத்த முடியாது, வண்டி நின்றுவிடும். எனவே கேட்டுப் பெற வலுவில்லாதவர்களிடம் நிறுத்துகிறார்கள். ஓய்வு பெற்றவரின் பணிக்கொடை, அகவிலைப்படி, ஊழியர் சம்பளத்தில் பிடித்த வருங்கால வைப்பு நிதி, கூட்டுறவுச் சங்கத் தவணை. 2018 ஜனவரி வேலைநிறுத்தத்திலும் 2024 ஜனவரி வேலைநிறுத்தத்திலும் தொழிற்சங்கங்கள் வைத்த கோரிக்கைகளில் நிலுவைப் பணம் முக்கிய இடத்தில் இருந்தது. ஒரு தொழிலாளியின் சேமிப்பை எடுத்து டயர் வாங்கினால் அதுவும் கடன்தான். ரிசர்வ் வங்கி ஏலத்தில் வாங்காததால் 9.29 லட்சம் கோடியில் அது சேராது, அவ்வளவே.

இன்னொரு உதாரணம் நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது. கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி ஆகிய நான்கு சுங்கச்சாவடிகளுக்கு அரசுப் பேருந்துகள் வைத்த பாக்கி 276 கோடி. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பாக்கியைத் தீர்க்காவிட்டால் பேருந்துகளை அந்தச் சாவடிகளில் அனுமதிக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. பிறகு அரசு பேச்சு நடத்துவதாகச் சொல்லி அவகாசம் வாங்கியது. மதுரையிலிருந்து தெற்கே போகும் பாதை முழுக்க நின்றிருக்கும். 276 கோடி, மாநிலக் கடனோடு ஒப்பிட்டால் தூசு. ஆனால் 9 லட்சம் கோடிக் கடன் எந்தப் பேருந்தையும் நிறுத்தவில்லை, இந்தத் தூசு நிறுத்தப் பார்த்தது.

கடன் எப்படி வாங்கப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாநில அரசின் கடனில் பெரும்பகுதி சந்தைக் கடன். ரிசர்வ் வங்கி வழக்கமாகச் செவ்வாய்க்கிழமைகளில் மாநிலப் பத்திரங்களை ஏலம் விடுகிறது. வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதிகள் வாங்குகின்றன. பத்தாண்டுப் பத்திரம் என்றால் பத்து ஆண்டும் வட்டி மட்டும், அசல் முழுக்கக் கடைசி நாளில். வீட்டுக் கடன்போல் மாதாமாதம் அசல் கரையாது. 2015-16இல் வாங்கியது 2025-26இல் மொத்தமாக வந்து நிற்கும். 2025-26இல் 1,62,096 கோடி வாங்கி 55,844 கோடி திருப்பிச் செலுத்தத் திட்டமிட்டார்கள் என்பதன் பொருள் இதுதான்: வாங்குவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பழைய அசலுக்குப் போகிறது.

இதில் பேருந்துக்கு ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பத்தாண்டுக் கடனில் வாங்கிய பேருந்து, அசல் திருப்பும் நாளில் ஓடி ஓய்ந்திருக்கும். போதாததற்கு, 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற ஒன்றிய விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. முன்பெல்லாம் கூண்டை மாற்றிக் கட்டி இழுத்துப் பிடித்தார்கள், இனி முடியாது. தேய்மானத்துக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கி வைத்திருந்தால் புது வண்டிக்குக் கைவசம் பணம் இருக்கும். நட்டத்தில் ஓடும் கழகம் தேய்மானத்தைக் காகிதத்தில் மட்டுமே எழுதும். எனவே புது வண்டி ஒவ்வொரு முறையும் அரசின் கடனிலிருந்தே வரவேண்டும். 2025-26இல் 3,000 பேருந்துகளுக்கு 1,031 கோடி ஒதுக்கினார்கள், சராசரி 34 லட்சம். 20,000 வண்டிகளையும் பதினைந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டுமானால் ஒவ்வோர் ஆண்டும் 1,300 வண்டிக்கு மேல் தவறாமல் வாங்க வேண்டும். ஓராண்டு விட்டால் அடுத்த ஆண்டு சேர்ந்து வரும்.

கடனுக்கு உச்சவரம்பும் உண்டு. அரசியல் சட்டம் 293(3)இன்படி, ஒன்றிய அரசிடம் கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம் புதுக் கடனுக்கு ஒன்றியத்தின் ஒப்புதல் பெற வேண்டும். 15ஆவது நிதிக்குழுக் காலத்தில் 2023-24 முதல் வரம்பு உற்பத்தி மதிப்பில் 3 சதவீதம். மின்துறைச் சீர்திருத்தம் செய்தால் கூடுதலாக அரை சதவீதம். 2022 முதல், அரசு நிறுவனங்களின் பெயரில் வாங்கி அரசே அடைக்கும் கடனும் இந்த வரம்பில் சேரும். கேரளம் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரலில் இடைக்கால நிவாரணம் மறுக்கப்பட்டு விவகாரம் அரசியல் சாசன அமர்வுக்குப் போனது. வரம்பு இருப்பதால், மெட்ரோவுக்காக வாங்கும் ஒரு ரூபாய் வேறு எதற்கோ வாங்க முடியாத ஒரு ரூபாய்.

மெட்ரோ கதையின் மையமே அதுதான். சென்னை இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ., மூன்று வழித்தடம், 63,246 கோடி. 2024 அக்டோபர் வரை இது மாநிலத் திட்டம். ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் கடன் மாநிலக் கணக்கில் ஏறி, மாநிலத்தின் கடன் வரம்பைத் தின்றது. 2024 அக்டோபர் 3 அன்று ஒன்றிய அமைச்சரவை இதை ஒன்றியத் துறைத் திட்டமாக ஏற்றது. 33,593 கோடிக் கடன் ஒன்றியத்தின் பொறுப்பில், மேலும் 7,425 கோடி பங்கு மூலதனமும் துணைக் கடனும் (மற்றக் கடன்களுக்குப் பின்னால் அடைக்கும் கடன்). மீதி 22,228 கோடி மாநிலம். ஒரே கையெழுத்தில் மாநிலத்தின் கடன் வரம்பில் 33,593 கோடி இடம் விடுபட்டது. ரயிலில், தூணில், சுரங்கத்தில் ஓர் அங்குலம் மாறவில்லை. எழுதும் ஏடு மாறியது.

ஆனால் சின்ன எழுத்தையும் படியுங்கள். கடனைத் திருப்ப வேண்டியது மெட்ரோ நிறுவனம். முடியாவிட்டால் மாநில அரசு உதவ வேண்டும். டிக்கெட் வசூல் அன்றாட இயக்கச் செலவைத் தாண்டினாலே பெரிய விஷயம். அதைக் கொண்டு கட்டுமானக் கடனை முழுதாக அடைப்பது நடக்காது. எனவே 2030களில் இந்தக் கடன் மாநில வரவு செலவுத் திட்டத்தில் மீண்டும் எட்டிப்பார்க்கும். கோவை, மதுரை மெட்ரோ திட்டங்களை 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியபோது 2017 மெட்ரோ கொள்கையின் 20 லட்சம் மக்கள்தொகை அளவுகோலைக் காட்டியது. அரசியல் ஒருபுறம் இருக்கட்டும், பேருந்துக்கே தேய்மான நிதி இல்லாத நிலையில் அந்த ஊர்களுக்கு முதலில் 500 நல்ல பேருந்து கொடுப்பது மலிவும் வேகமும் ஆன வழி என்பது என் கருத்து.

வெளிநாட்டுக் கடன் என்றால் வட்டி குறைவு என்று மயங்கவும் கூடாது. 2005 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கடன்கள், வாங்கிய அதே நாணயத்தில், அதே நிபந்தனையில் மாநிலத்துக்கு வருகின்றன. ரூபாய் விழுந்தால் நட்டம் மாநிலத்துக்கு. ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடனில் வாங்கிய தாழ்தளப் பேருந்துகளுக்கு யூரோ ஏறினால் தவணை ஏறும். ஜப்பானிய யென் சில ஆண்டுகளாகப் பலவீனமாக இருந்தது மெட்ரோவுக்கு அடித்த அதிர்ஷ்டம், திறமை அல்ல.

மின்சாரப் பேருந்தில் இன்னொரு புது ஏற்பாடு வந்திருக்கிறது. உலக வங்கி உதவியோடு சென்னையில் 625 மின்பேருந்துகளைத் தனியார் நிறுவனம் வாங்கி, ஓட்டுநர் போட்டு, பராமரிக்கிறது. முதல் 120 வண்டிகள் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடியில் தொடங்கின. மாநகர் போக்குவரத்துக் கழகம் நடத்துநரை அனுப்பி வசூலை எடுத்துக்கொண்டு, ஓடும் கிலோமீட்டருக்கு 77 முதல் 81 ரூபாய் வரை கட்டுகிறது, 12 ஆண்டுக்கு. வண்டி காலியாக ஓடினாலும் அந்தத் தொகை கொடுத்தாக வேண்டும். நாளுக்கு 200 கி.மீ. என்றே வைத்தாலும் 625 வண்டிக்கு ஆண்டுக்கு 350 கோடி, 12 ஆண்டில் 4,200 கோடி. இது கடன் பட்டியலில் எங்கும் வராது. மோசமான ஏற்பாடு என்று சொல்லவில்லை. பராமரிப்புச் சுமை தனியாருக்குப் போவதால் வண்டி நின்றால் அவருக்குத்தான் நட்டம், அதனால் வண்டிகள் நேரத்துக்கு வரும். ஆனால் மாதத் தொகை தாமதமானால் ஒப்பந்தக்காரர் ஓய்வூதியர்போல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க மாட்டார், மறுநாள் சாவியைப் பிடுங்குவார். எனவே இதற்கென்று தனிக்கணக்கில் சில மாதத் தொகையை முன்கூட்டியே வைப்பது அவசியம்.

என்ன செய்யலாம் என்றால், கட்டணத்தை ஆறேழு ஆண்டு தூங்கவிட்டு ஒரே அடியாக உயர்த்துவதைத்தான் முதலில் கைவிட வேண்டும். 2011 நவம்பருக்குப் பிறகு 2018 ஜனவரி, அதற்குப் பிறகு மௌனம். கர்நாடகம் 2023 ஜூனில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கொண்டுவந்தது, 2025 ஜனவரியில் காசு கொடுத்துப் பயணிப்பவர்களுக்கு 15 சதவீதம் உயர்த்தியது. இரண்டும் ஒன்றாக நடக்க முடியும். டீசல் விலை, அகவிலைப்படி இரண்டையும் வைத்து ஆண்டுக்கு ஒருமுறை தானாக நகரும் ஒரு சூத்திரம் போதும், ஒரு ரூபாய் ஏறினால் யாரும் மறியல் செய்ய மாட்டார்கள். அரசியல் காரணத்தால் அதுவும் வேண்டாம் என்றால், சூத்திரம் சொல்லும் கட்டணத்துக்கும் வசூலிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு அந்தந்த மாதமே கொடுத்துவிட வேண்டும். சலுகை கொடுப்பதில் தவறே இல்லை, சலுகையின் முழு விலையையும் பட்டியலில் அச்சிட வேண்டும்.

நீங்களே சரிபார்க்க விரும்பினால்: நிதித்துறை இணையதளத்தில் வரவு செலவுத் திட்ட ஆவணங்களுக்குப் போய் மானியக் கோரிக்கை எண் 48ஐத் திறவுங்கள், அது போக்குவரத்துத் துறை. நெடுஞ்சாலை எண் 21. அமைச்சரின் உரையில் வரும் தொகைகள் எல்லாம் திட்ட மதிப்பீடு, அதாவது விருப்பம். அதற்கு அடுத்து திருத்த மதிப்பீடு, அதற்கும் முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு என்று மூன்று நிரல் இருக்கும். உண்மைக் கணக்கு நிரலை மட்டும் நம்புங்கள். 5055இல் திட்டமிட்டதற்கும் செலவானதற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் புதுப் பேருந்து வரவில்லை என்று பொருள். 7055இல் ஆண்டுதோறும் தொகை இருந்து, திரும்பி வந்த கடன் நிரலில் ஒன்றும் இல்லை என்றால் மானியத்துக்குக் கடன் வேடம் போட்டிருக்கிறார்கள். வட்டிக்கு 2049, கடன் அசலுக்கு 6003. பிறகு அரசு உத்தரவாதம் கொடுத்த கடன்களின் பட்டியலையும் ஒருமுறை புரட்டுங்கள். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சி.ஏ.ஜி.) மாநில நிதி அறிக்கை இதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துக் குறை சொல்லும், ஆனால் ஓரிரு ஆண்டு தாமதமாகவே சட்டமன்றத்துக்கு வரும். கழகங்களின் ஆண்டறிக்கையில் லாப நட்டக் கணக்கைத் தாண்டி, ‘ஊழியர்களுக்குச் சேர வேண்டிய நிலுவை’ என்ற வரியைத் தேடிப் பாருங்கள். அந்த வரி இந்த ஆண்டு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பது 9.29 லட்சம் கோடி என்ற எண்ணைவிடப் பேருந்தின் உடல்நிலையைத் துல்லியமாகச் சொல்லும்.